இலவச மாத்திரைக்கு ஆகும் செலவு: கருத்தடை ஆலோசனை மேசைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண். ஓ.பி. கூட்டம் கலையும் வரை சுவரோரமாக நின்றிருந்துவிட்டு, கடைசியில் வந்து மேசைமேல் ஒரு காலி மாத்திரை அட்டையை வைத்தார். "அக்கா, இது மாசம் முந்நூத்திச் சொச்சம் ஆகுது. இதே மாத்திரை கம்மி விலையில எங்க கிடைக்கும்?"

திருப்பூரில் இந்த வேலைக்கு வந்த முதல் வருடம், இப்படிக் கேட்ட எல்லோருக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ஃப்ரீயா தர்றாங்க, போய் வாங்கிக்கோங்க." பதிலில் தப்பில்லை. ஆனால் பலர் போகவே இல்லை என்பதும், போனவர்கள் மூன்றாம் மாதம் நிறுத்திவிட்டார்கள் என்பதும், அவர்களில் சிலர் கர்ப்பமாகி அதே ஓ.பி.யில் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. இலவசப் பொருளுக்கும் செலவு உண்டு. அரை நாள் சம்பளம், இரண்டு பஸ், வீட்டில் சொல்ல வேண்டிய ஒரு பொய். இதைக் கணக்கில் எடுக்காமல் வழி சொன்னால் அது வழியே இல்லை.

நீங்கள் நர்ஸாக இருக்கலாம், தன்னார்வலராக இருக்கலாம், ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் உட்காருபவராகவும் இருக்கலாம். எது யாருக்குப் பொருந்தும் என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. அந்த முடிவு வரை ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அதற்குப் பிறகு மாதாமாதம் கைவிட்டுப் போகாமல் பார்ப்பதும் நம் வேலை.

முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் வாங்கும் மாத்திரையைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்டால், முன்பக்கம் பளபளவென்று இருக்கும் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராம் இருக்கிறது. அட்டையில் மொத்தம் 28 மாத்திரை. 21 மருந்து, கடைசி 7 இரும்புச்சத்து. கடை அட்டையிலும் இதே இரண்டு பெயர், இதே அளவு என்றால், அவர் இத்தனை நாளும் காசு கொடுத்து வாங்கியது அதே மருந்தைத்தான்.

பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். நீங்களாக "இதுக்குப் பதில் அது" என்று சொல்லிவிடக் கூடாது. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி), முகப்பரு, அதிக இரத்தப்போக்கு என்று வேறு காரணத்துக்காக டாக்டர் எழுதியிருக்கலாம். "இந்த மாத்திரையை எதுக்காக ஆரம்பிச்சீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். செக்கிங் வேலைப் பெண்ணுக்கு அப்படித்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால் பி.சி.ஓ.டி.க்காக யாரோ எழுதிக் கொடுத்தது. அதற்கப்புறம் அவர் எந்த டாக்டரையும் பார்க்கவில்லை, கடைக்காரர் அட்டையைப் பார்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் டாக்டரிடம் அனுப்பினேன். பி.பி. பார்த்து, விவரம் கேட்டு, இப்போது கருத்தடைக்கு மட்டும்தான் தேவை என்று தெரிந்ததும் மாலா-என்னுக்கு மாற்றினார். மாதம் முந்நூறு மிச்சம். அது அவருக்கு ஒரு மாத கேஸ் சிலிண்டர் காசில் ஒரு நல்ல பங்கு.

என்ன கேட்பது, எங்கே கேட்பது

"எத்தனை குழந்தை?" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்வி வந்ததுமே எதிரில் இருப்பவர் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். தமிழ்நாட்டில் அந்த நினைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி, இங்கே திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் செய்துகொண்டிருப்பது ஆபரேஷன். மாத்திரை, காப்பர் டி எல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

நான் கேட்பது இந்த வரிசையில்: எத்தனை நாளைக்குத் தள்ளிப்போட நினைக்கிறீர்கள்? பால் கொடுக்கிறீர்களா, குழந்தைக்கு எத்தனை மாதம்? பி.பி., மஞ்சள் காமாலை, ஒற்றைத் தலைவலி ஏதாவது உண்டா? இப்போது வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், கார்பமாசெபின் போன்றவையும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். "நர்சம்மா, மாத்திரை தவறாம சாப்பிட்டேனே" என்று கண்ணீரோடு வந்து நின்றவருக்கு டி.பி. சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. இரண்டும் இலவசம், இரண்டும் வேறு வேறு இடத்தில் வாங்கியது. இரண்டையும் சேர்த்து யாரும் கேட்கவில்லை.

அப்புறம் இன்னொன்று: "இது வீட்டில் எங்கே இருக்கும்?" ஒரே அறை வீட்டில் மாமியாரோடு இருப்பவருக்கு மாத்திரை அட்டையை ஒளித்துவைப்பது பெரிய வேலை. அவருக்கு விலை முக்கியமே இல்லை, கண்ணில் படாமல் இருப்பதுதான் முக்கியம். இதையெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழும்படி கேட்காதீர்கள். தனி அறை இல்லை என்றால் எடை பார்க்கும் மூலை, தடுப்பூசி அறை, எதுவானாலும் சரி.

காசில்லாமல் கிடைப்பவை

ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம், அரசு மருத்துவமனை. இவற்றில் கிடைப்பவற்றை நீங்கள் பெயரோடு தெரிந்து வைத்திருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்பவருக்குப் பொருள் சீக்கிரம் கைக்கு வரும், இது என் அனுபவம்.

நிரோத்: அரசு தரும் ஆணுறை, 1968 முதல் இருப்பது, பல இடங்களில் பெட்டியிலேயே போட்டு வைத்திருப்பார்கள், யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றோடு சேர்த்துக் கையில் இருக்கட்டும்.

மாலா-என் பற்றி மேலே சொன்னேன். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும் வரை பால் கொடுக்கும் தாய்க்கு இது வேண்டாம். பி.பி. 140/90 தொட்டால் வேண்டாம், கண் முன் மின்னல் வெட்டுவது மாதிரித் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கும் வேண்டாம்.

சாயா என்றதும் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருவர் "டீயா?" என்று சிரித்தார். இது லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கருத்தடை மாத்திரை. 1991இல் சகேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது, அரசு தருவதற்குப் பெயர் சாயா. இதில் ஸ்டீராய்டு ஹார்மோன் கிடையாது, அதனால் பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. ஆரம்பிப்பது மாதவிலக்கின் முதல் நாளில். அது ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிறு, புதன், ஞாயிறு, புதன் என்று போகும், மூன்று மாதம் கழித்து வெறும் ஞாயிறு. கிழமைக் கணக்கு என்பதால் பெண்கள் சுலபமாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். காலண்டரில் பேனாவால் புள்ளி வைக்கச் சொன்னால் போதும், வீட்டில் பார்ப்பவர்கள் பால் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். பி.சி.ஓ.டி. உள்ளவர்கள், சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், டி.பி. அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது.

அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒன்று. ஒளித்துவைக்க எதுவுமே இல்லை என்பதால் மாமியார் வீட்டுப் பெண்கள் அதிகம் கேட்பது இதைத்தான். குழந்தை பிறந்து ஆறு வாரம் ஆன பிறகு போடலாம். போட்ட இடத்தைத் தேய்க்கவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. ஊசி போட்டால் தேய்த்துவிடுவது நம் ஊர்ப் பழக்கம், அதனால் சொல்லியே அனுப்புங்கள். அடுத்த குழந்தை எப்போது என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள்: நிறுத்திய பிறகு, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம். அடுத்த தையிலேயே குழந்தை வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது.

கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டியில் 380-ஏ வகை பத்து வருடம் வேலை செய்யும், 375 வகை ஐந்து வருடம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், தவறினால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். வருடக் கணக்கில் பார்த்தால் செலவு குறைந்தது இதுதான். ஆனால் முதல் சில மாதம் இரத்தப்போக்கு அதிகமாகும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் எட்டில் நிற்பவருக்கு "பத்து வருஷம் கவலையில்லை" என்று ஆசை காட்டாதீர்கள்.

வருடக் கணக்கு போடுங்கள்

நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, அவர் எதிரிலேயே எழுதுங்கள். மாலா-என் வருடத்துக்கு 12 அட்டை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 28 நாளுக்கு ஓர் அட்டை என்பதால் 13 வேண்டும். அந்தப் பதின்மூன்றாவது அட்டை இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயாவுக்கு முதல் 13 வாரத்தில் 26 மாத்திரை, மீதி 39 வாரத்துக்கு 39, ஆக 65. அட்டைக்கு எட்டு. முதல் முறை போகும்போதே மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அங்கே இருக்கும் இருப்பைப் பொறுத்தது, கேட்பதில் தப்பில்லை. அந்தராவுக்கு நான்கு நடை. காப்பர் டிக்கு ஒரு நடை, முதல் மாதவிலக்கு முடிந்ததும் பார்த்துக்கொள்ள இன்னொரு நடை.

ஒவ்வொரு நடைக்கும் எதிரே எழுத வேண்டியது: லீவு போட வேண்டுமா, அல்லது ஷிப்ட் முடிந்து போகலாமா? பஸ் எது? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. அந்த பஸ் எந்த நிலையத்தின் வாசல் வழியாகப் போகிறது என்று பார்த்து, கொஞ்சம் தூரமானாலும் அந்த நிலையத்தைச் சொல்வேன். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய் கொடுத்துப் போக வேண்டிய இடம் எதற்கு?

இந்தக் கணக்கை நான் கற்றுக்கொண்டது ஒருவரை அலையவிட்டுத்தான். காப்பர் டி போட ஒரு பெண்ணை ஒரு நிலையத்துக்கு அனுப்பினேன். போட்டுவிடும் நர்ஸ் அன்று பயிற்சிக்குப் போய்விட்டார். "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் லீவு போட முடியாதென்று அவர் என்னைப் பார்க்கக்கூட வரவில்லை, ஆள் வழியாகச் சொல்லி அனுப்பினார். ஒரு போன் அடித்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து, அனுப்புவதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை: பொருள் இருக்கிறதா, போடுபவர் இருக்கிறாரா, எத்தனை மணிக்குள் வர வேண்டும். கிராமத்து நர்சம்மாவைப் பிடிக்க வேண்டும் என்றால் புதன்கிழமை நல்ல நாள், தடுப்பூசி போடும் இடத்தில் இருப்பார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் எதற்கென்று கேட்கவும் மாட்டார்கள். எந்த நிலையம் பக்கம் என்றே தெரியாதவர்களுக்கு 104 என்ற மருத்துவ உதவி எண் இருக்கிறது.

திருப்பூரில் ஒடிசா, பீகார்ப் பெண்கள் நிறையப் பேர். பாஷை தெரியாமல் திகைக்க வேண்டாம். மாலா, சாயா, அந்தரா என்ற பெயர்கள் இந்தியா முழுக்க ஒன்றுதான், அவர்கள் ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவும் அதையேதான் சொல்லியிருப்பார். ஊரில் அந்தரா போட்டு வந்தவர் கையில் அதற்கான அட்டை இருக்கும், அடுத்த தேதி அதில் எழுதியிருக்கும். அந்தத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலும் போடலாம், நான்கு வாரம் தாமதமானாலும் போடலாம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இந்த இடைவெளி பெரிய உதவி.

இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டால்

சொல்வார்கள். சில மாதம் சாயா வராது, சில மாதம் மாலா-என் வராது. அப்போது கடைக்குத்தான் போக வேண்டும். மாலா-டி என்பது மாலா-என்னின் அக்கா மாதிரி, மானிய விலையில் கடையில் விற்பது. மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் மருந்துப் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து விசாரிக்கச் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் சொல்லிக் கேட்டால் அங்கே "இல்லை" என்றுதான் பதில் வரும். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தும், அந்த அட்டையை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

மருந்து மாறும் இடைவெளியில் நிரோத். இதை மறக்காமல் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

72 மணி நேரம்

அவசர மாத்திரை விஷயத்தில் தமிழ்நாடு கொஞ்சம் விசித்திரமான இடம். விளம்பரத்தில் எல்லோரும் பார்த்திருக்கும் மாத்திரை, பல வருடமாகவே இங்கே மருந்துக் கடைகளில் கிடைப்பது அரிது. கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அரசு நிலையங்களில் அதே மருந்து ஈஸி பில் என்ற பெயரில் இலவசம்: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. பாதுகாப்பில்லாத உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூன்று நாள் தாண்டிவிட்டால், ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டாலும் கருத்தரிப்பதைத் தடுக்கலாம். இது பலருக்குத் தெரியாது, நர்ஸ்கள் சிலருக்கே தெரியாது.

சனிக்கிழமை இரவு ஒருவர் போன் செய்யும்போது நீங்கள் தேட ஆரம்பித்தால் தாமதமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் பிரசவ வார்டு திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே ஈஸி பில் யாரிடம் இருக்கும் என்று இப்போதே விசாரித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை அதே ஆள் வந்தால் திட்டாதீர்கள். மாதாமாதம் இதை நம்பி இருக்க முடியாது என்று சொல்லி, அன்றைக்கே வேறு ஒன்றை ஆரம்பித்துவிடுங்கள்.

பயத்துக்கு ஆகும் செலவு

என் கணக்கில் அதிகம் காசு போவது இங்கேதான். அந்தரா போட்ட முதல் மாதங்களில் இரத்தப்போக்கு தாறுமாறாக வரும், அப்புறம் சிலருக்கு நின்றே போகும். சாயாவில் நாள் தள்ளிப்போகும். முன்னாடியே சொல்லாவிட்டால் என்ன நடக்கும்? பக்கத்து வீட்டு அக்கா "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குது" என்பார். தனியார் லேபில் ஒரு ஸ்கேன், ஒரு டானிக், அப்புறம் ஊசியை நிறுத்திவிடுவார்கள். இலவச ஊசிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பில்.

ஆகவே பொருளைக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். ஊசி போடும்போது ரத்தம் உள்ளே தங்குவதில்லை, கருப்பையின் உள்சவ்வு மெலிந்து போவதால் வெளியே வர ஒன்றும் இல்லை. சாயாவில் 15 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனை அட்டையும் அரசு நிலையத்தில் நிஷ்சய் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்: மாத்திரை சாப்பிடுபவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று பார்வை மங்குவது. காப்பர் டி போட்டவருக்குக் காய்ச்சலோடு அடிவயிற்று வலி. இதற்கெல்லாம் உடனே ஆஸ்பத்திரி.

கணவர் கையெழுத்து

காப்பர் டி, ஊசி, மாத்திரை எதற்கும் கணவர் கையெழுத்து தேவையில்லை. ஆபரேஷனுக்கே கையெழுத்துப் போட வேண்டியது செய்துகொள்பவர்தான். இருந்தும் கவுண்டரில் "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்பார்கள். அதைக் கேட்டே திரும்பி வந்துவிடும் பெண்கள் உண்டு. முதல் முறை நீங்களோ ஒரு தன்னார்வலரோ கூடப் போனால் அந்தக் கேள்வி பாதி அடங்கிவிடும். கல்யாணம் ஆகாத பெண் என்றால் கேள்விகள் இன்னும் கூடும். பதினெட்டு வயது நிறைந்தவருக்குத் தற்காலிக முறைகளைக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நீங்கள் அதிகம் கேள்வி கேட்காத நர்ஸ் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் நடைமுறையில் உதவும். வயது பதினெட்டுக்குக் கீழே என்றால் நீங்களாக எதுவும் செய்யாமல் நேரே டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அங்கே போக்சோ சட்டம் குறுக்கே வரும்.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன அதே ஆய்வில், தமிழ்நாட்டில் ஆண்களுக்கான ஆபரேஷன் 0.1 சதவீதம். தழும்பில்லாத வாசெக்டமி சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போகலாம், பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. கணவர் கூட வந்திருந்தால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். "லோடு தூக்க முடியாதாமே" என்பார். தூக்கலாம், ஒரு வாரம் பொறுக்க வேண்டும். முதல் மூன்று மாதம் நிரோத் கட்டாயம், அதன் பிறகு விந்துப் பரிசோதனை செய்து பார்த்துத்தான் விட வேண்டும். சிரித்துக்கொண்டே எழுந்து போனவர்கள்தான் அதிகம். நான்கு வருடத்தில் இரண்டு பேர் செய்துகொண்டார்கள், இருவரும் டிரைவர்கள்.

நோட்டும் போனும்

பேரேடு மாதிரி ஒரு நோட்டு போடுங்கள். பெயர் முழுசாக வேண்டாம், அவருக்கும் உங்களுக்கும் புரியும் ஓர் அடையாளம் போதும். எதிரே எது கொடுத்தது, அடுத்த தேதி எது, போன் நம்பர். அந்த நம்பரை எழுதும்போதே கேட்டுவிடுங்கள்: இந்த போனை யார் எடுப்பார்கள், எந்த நேரத்தில் கூப்பிடலாம், வேறு யாராவது எடுத்தால் நான் யார் என்று சொல்ல வேண்டும்? பலர் வீட்டில் ஒரே போன், அது கணவர் சட்டைப் பையில் இருக்கும். செக்கிங் வேலைப் பெண் எனக்குச் சொல்லியிருப்பது, மதியம் ஒன்றரைக்குச் சாப்பாட்டு பெல் அடித்ததும் கூப்பிட வேண்டும், வேறு யாராவது எடுத்தால் மகளிர் குழு அக்கா என்று சொல்ல வேண்டும். அவருடைய பதின்மூன்றாவது அட்டை வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. புதன்கிழமை கூப்பிட வேண்டும்.